புதுப்பிப்பு: தைப்பூசப் படங்கள் இருந்த மெமரி கார்டு திறக்கவில்லை (ஒரு பகுதி தவிர மற்ற படங்கள் கிடைத்துவிட்டன)

பினாங்கு தண்ணீர்மலையில் எடுத்த படங்கள் இருந்த 128 ஜிபி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேமரா அடம்பிடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கார்டின் முனையைத் துடைத்தது பலிக்கவில்லை. "ஃபார்மட் கொடுக்காதீங்க, ஃபோட்டோரெக் ஓட்டுங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. திறக்காத கார்டிலிருந்து கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருள் அது. மீட்பதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கணினியில்தான். கோப்புகளின் பழைய பெயர்கள் போய்விட்டன. எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது.

எதிர்பாராதது இதுதான்: கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது 32 ஜிபிதான், 128 என்பது போலி! அதற்கு மேல் எடுத்தவை சரியாகப் பதியவில்லை. மலையடிவாரத்துக் காவடிப் படங்களில் முகம் வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. அவை போனது போனதுதான்.

இப்போது வாங்கியது 64 ஜிபி, வி30. நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், என் வீடியோவுக்கு அது போதும். முதல் படம் எடுக்கும் முன்பே அதே சோதனையைப் போட்டேன், தேறிவிட்டது.