காஸ்டிக் தொட்டியில் கெடாத பருத்தி சிமெண்டுக்குள் ஏன் கெடுகிறது?

சிட்டாநூல் கேட்டது:

ஈரோட்டுப் பக்கம் நூல் மெர்சரைசிங் பட்டறை, அதாவது பருத்தி நூலைக் காரத்தில் முக்கிப் பளபளப்பாக்கும் பட்டறை, வைத்திருக்கிறேன். 52 டிகிரி ட்வாடில் (கரைசலின் அடர்த்தி அளவு) காஸ்டிக்கில் சிட்டத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறோம். நூல் கெடுவதில்லை. பளபளப்பும் வலுவும் கூடித்தான் வெளியே வருகிறது.

இப்போது துடைப்புத் துணி வாங்க ஓர் ஐரோப்பிய இடைத்தரகர் வந்திருக்கிறார். துணி அணுமின் நிலையத்துக்குப் போகிறதாம். ஒவ்வொரு கட்டிலும் செல்லுலோஸ் எத்தனை கிலோ என்று எழுதித் தரச் சொல்கிறார். காரணம் கேட்டால், "பயன்படுத்திய துணி கதிரியக்கக் கழிவாகிச் சிமெண்டுக் கிடங்குக்குள் போகும், அங்கே காரத்தில் பருத்தி சிதையும், அதனால் வரம்பு உண்டு" என்கிறார். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீர் என் தொட்டிக் காரத்துக்குக் கால்தூசு பெறுமா? சிதைந்தாலும்தான் என்ன, துணி மக்கிப் போனால் இடம் மிச்சம் இல்லையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருந்திரவம் பதில்:

ஐயா, காகித ஆலையில் கூழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் ஒரு நிமிடம் முக்குகிறீர்கள், உடனே அலசி, அமிலம் காட்டி நடுநிலையாக்கிவிடுகிறீர்கள். அதே நூலைத் தொட்டியிலேயே பத்து வருடம் மறந்துவிட்டு வந்து எடைபோட்டுப் பாருங்கள், கதை வேறாக இருக்கும்.

செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. அதற்கு இரண்டு முனைகள் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அரிசிச் சாக்கின் வாய்த்தையலைப் பிரிப்பது போலத்தான் இது: சரியான முனையைப் பிடித்தால் மளமளவென்று கழன்று வரும், மறுமுனையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. காரம் பிடிப்பது ஒடுக்கும் முனை என்கிற அந்த ஒரு முனையை. அங்கிருக்கும் குளுக்கோஸ் முதலில் ஃபிரக்டோஸ் வடிவுக்கு மாறும். பிறகு நான்காம் கார்பனில் உள்ள பிணைப்பு அறுந்து சங்கிலியிலிருந்து கழன்றுவிடும். கழன்ற துண்டு காரத்தில் உருமாறி ஐசோசாக்கரினிக் அமிலம் ஆகிவிடும். சங்கிலியில் அடுத்த கண்ணி இப்போது முனைக்கு வந்திருக்கும். அதற்கும் அதே கதிதான்.

முழுச் சங்கிலியும் இப்படியே போய்விடாது. சில கண்ணிகள் உரிந்த பிறகு முனை மெட்டாசாக்கரினிக் அமிலமாக மாறி அடைத்துக்கொள்ளும், அல்லது உரிதல் படிக அடுக்குக்குள் போய் முட்டி நின்றுவிடும். மரத்தைக் காரத்தில் வேகவைக்கும் எங்கள் டைஜெஸ்டரில் கூழ் விளைச்சல் குறைவதற்கு இந்த உரிதல் ஒரு முக்கியக் காரணம். உரிந்ததெல்லாம் கருந்திரவத்தோடு, அதாவது வெந்தபின் மிஞ்சும் கறுப்புக் கழிவுநீரோடு, கலந்து பாய்லரில் எரிந்தது. அந்த அமிலத்தின் பெயரே அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

கழிவுக் கிடங்கில் அதை எரிக்க ஆள் இல்லை, அதுதான் சிக்கல். சிமெண்டை ஏன் அங்கே கொட்டுகிறார்கள்? நீர் உள்ளே வந்தால் பிஎச் 12.5-க்குப் பக்கத்தில் நிற்கும். அந்தக் காரத்தில் புளூட்டோனியம், தோரியம் போன்றவை ஹைட்ராக்சைடாகிக் கரையாமல் கிடக்கும். கரைந்த கொஞ்சநஞ்சமும் சிமெண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். காரம்தான் காவல். அதே காரம் பருத்தியை உரித்து உண்டாக்கும் ஐசோசாக்கரினிக் அமிலமோ, தன் ஹைட்ராக்சில் கைகளால் அந்த உலோகங்களைப் பற்றிக் கரைசலுக்குள் இழுத்துவிடுகிறது. துணி மக்கினால் இடம் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். துணி துணியாகவே கிடந்தால் யாருக்கும் கவலை இல்லை ஐயா.

அளவைப் பாருங்கள். நீரில் இந்த அமிலம் லிட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒரு மோல், அதாவது 18 மில்லிகிராம் வாக்கில், இருக்கும் வரை உலோகங்கள் சிமெண்டில் ஒட்டுவது பெரிதாகக் கெடாது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ சுத்தப் பருத்தியில் ஏறக்குறைய 6 மோல் குளுக்கோஸ் கண்ணிகள் உண்டு. அத்தனையும் அமிலமானால் 60,000 லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். இது மிகைக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் வேறு அமிலங்களாகும், சிமெண்டும் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், அமிலத்தின் ஆல்ஃபா வடிவம் கால்சியம் உப்பாகப் படியவும் செய்யும். இருந்தாலும் தரகர் ஏன் கிலோக் கணக்குக் கேட்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

எவ்வளவு காலத்தில் முழுதும் சிதையும் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இழுபறி. உரிதல் நின்ற பிறகு நடுச்சங்கிலி அறுந்தால்தான் புது முனை கிடைக்கும். அது மிக மெதுவாக நடப்பது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 12 வருடம் குப்பிகளில் ஊறவைத்துப் பார்த்து, 2008-ல் 1,000 முதல் 5,000 வருடம் என்று எழுதினார்கள். ஸ்வீடனில் செய்த வேறொரு சோதனை சில நூறு வருடம் என்றது. கிடங்கின் ஆயுளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சீக்கிரம்தான். கதிர்வீச்சும் தன் பங்குக்குச் சங்கிலியை அறுத்துப் புது முனைகளை உண்டாக்கும்.

பக்ஸ்டன்மழை பதில்:

கருந்திரவம் ஐயா விட்ட ஓர் இடத்தை நிரப்புகிறேன். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் இருக்கிறேன். பக்ஸ்டனை ஒட்டிய ஹார்ப்பர் ஹில்லில் பழைய சுண்ணாம்புக் காளவாய்களின் கழிவு மலையாகக் கிடக்கிறது. அதன் அடியிலிருந்து ஊறும் நீரின் பிஎச் 12-ஐத் தாண்டும். அதே ஊர்க் கல்குவாரிக் குளத்து நீரும் காரம்தான், பிஎச் 11-ஐத் தாண்டும்; நீலமாகப் பளபளக்கும் நீரைப் பார்த்து ஆட்கள் எச்சரிக்கைப் பலகையையும் மதிக்காமல் குதித்துக் குளித்தார்கள், 2013-ல் நிர்வாகம் அதில் கருப்புச் சாயம் ஊற்றியது. சாயப்பட்டறை ஊர்க்காரர் ரசிப்பார் என்பதால் சொன்னேன்.

அந்த மண்ணை மான்செஸ்டர், ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் எடுத்துப் பார்த்தார்கள். செடிகொடிகளின் செல்லுலோஸிலிருந்து ஐசோசாக்கரினிக் அமிலம் அங்கே தானாகவே உண்டாகிறது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்களும் அங்கேயே இருக்கின்றன. காற்று இல்லாவிட்டால் நைட்ரேட்டையோ இரும்பையோ வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன. எனவே அமிலம் சேர்ந்துகொண்டே போகும் என்று மட்டும் கணக்குப் போடுவது அரைக் கணக்கு.

கருந்திரவம் பதில்:

நல்ல தகவல். ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் சும்மா தின்பதில்லை, வாயுவையும் விடும். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ குகையில் 1997-ல் தொடங்கி ஒரு பெரிய தொட்டிக்குள் கழிவுப் பீப்பாய்களை நீரில் மூழ்கவைத்துப் பல வருடம் வாயுவை அளந்தார்கள். வந்தது பெரும்பாலும் மீத்தேன். நுண்ணுயிர் வந்து காப்பாற்றும் என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஒழுங்குமுறை அதிகாரி கையெழுத்துப் போடுவார்? எடையைக் கட்டுப்படுத்துவது எளிது. அதைத்தான் செய்கிறார்கள்.

சதுரங்கப்பட்டினம் பதில்:

2014-ல் அமெரிக்காவில் கார்ல்ஸ்பாட் உப்புச் சுரங்கக் கிடங்கில் பீப்பாய் வெடித்ததே, அதுவும் இதே வேதியியல்தானா? கோதுமையில் செய்த பூனை மணலைப் போட்டதால் என்று படித்த நினைவு. பிறகு, கல்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு கேள்வி: நம் ஊரில் துணியை என்ன செய்கிறார்கள்?

கருந்திரவம் பதில்:

அது வேறு, இதோடு குழப்ப வேண்டாம் தம்பி. அங்கே நைட்ரேட் உப்பை ஒரு கரிமப் பொருளோடு கலந்து பீப்பாயில் அடைத்தார்கள். நைட்ரேட் ஆக்சிஜனேற்றி, கோதுமை எரிபொருள். உள்ளே சூடேறி மூடி பிளந்தது. களிமண் மணலைப் போட்டிருந்தால் நடந்திருக்காது. மாதக்கணக்கில் நடந்த அதையும் ஆயிரம் வருடத்தில் நடக்கும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நம் நாட்டில் குறைந்த கதிரியக்கமுள்ள பருத்தி, காகிதம் போன்ற எரியக்கூடிய கழிவை எரித்துச் சாம்பலாக்குவது வழக்கம். கன அளவு பல மடங்கு குறையும், செல்லுலோஸ் தொல்லையும் தீரும். ஆனால் புகையை வடிகட்டும் பொறுப்பு கூடவே வரும். புளூட்டோனியம் போன்றவை கலந்த ஆல்ஃபா கழிவு என்றால் அந்தப் பொறுப்பு தலைவலியாகவே மாறிவிடும்; அதனால் எல்லாவற்றையும் எரித்துவிடலாமே என்று யாரும் இங்கே எழுத வேண்டாம்.

சிட்டாநூல் பதில்:

புரிந்தது ஐயா. தரகரிடம் எடை எழுதித் தருகிறேன். இன்னொன்று: பருத்திக்குப் பதில் விஸ்கோஸ் கலந்த துணி கொடுத்தால் செல்லுலோஸ் கணக்கிலிருந்து தப்பலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்கிறார். பாலியெஸ்டர் கொடுத்தால்?

கருந்திரவம் பதில்:

அவர் சொல்வதைக் கேட்டால் ஆர்டர் போய்விடும். விஸ்கோஸும் செல்லுலோஸ்தான், அதிலும் சங்கிலி குட்டையானது. சில நூறு கண்ணிகள்தான். ஒரே எடையில் முனைகள் பல மடங்கு அதிகம், படிக அடுக்கும் குறைவு, ஆகவே பருத்தியைவிட வேகமாக உரியும். பாலியெஸ்டரைக் காஸ்டிக்கில் ஓட்டி எடை குறைக்கிறீர்களே, அது காரத்தில் அறுபடும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அறுந்து வரும் டெரிப்தாலேட் ஐசோசாக்கரினிக் அமிலம் அளவுக்குப் புளூட்டோனியத்தைப் பற்றாது. துடைக்கிற வேலைக்குப் பாலியெஸ்டர் ஈரம் உறிஞ்சுமா என்பது வாங்குபவர் கவலை. நீங்கள் கலவை விகிதத்தை மட்டும் சரியாக எழுதிக் கொடுங்கள், விஸ்கோஸ் இருந்தால் அதைச் செல்லுலோஸ் கணக்கிலேயே சேருங்கள்.