பிக்கப் முன்னால் கூடுதல் விளக்கு மாட்டியவர்கள், பட்டதைச் சொல்லுங்கள்

புழுதிப்பாதை:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், மானம் போனாலும் பரவாயில்லை.

7 அங்குல வட்ட விளக்கு இரண்டு வாங்கினேன். விளக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் செருகி மாட்டும் தகட்டு பிராக்கெட் ஒன்று கூடவே கிடைத்தது. பம்பரில் ஓட்டை போட வேண்டாம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்ற ஆசையில் அதையே மாட்டினேன். வண்டியை நிறுத்தி வைத்து எரியவிட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை.

மண் பாதையில் இறங்கியதும் சாயம் வெளுத்தது. லாரிகள் ஓடி ஓடி வரிவரியாக மேடு விழுந்த பாதை. விளக்கு இரண்டும் தலையாட்டிக்கொண்டே வந்தன. எதிரே இருந்த மரங்களெல்லாம் மேலும் கீழும் குதித்தன. பத்து நிமிடத்தில் எனக்கே குமட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "அதை அணைச்சிடுங்க மாமா, ஹெட்லைட்டே போதும்" என்றான்.

ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. சரி, இதுவே போதும் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் இரவு முன்னால் டமார் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு விளக்கு வயரில் தொங்கி கிரில்லை இடித்துக்கொண்டிருக்கிறது.

டார்ச் அடித்து பிராக்கெட் உடைந்த இடத்தைப் பார்த்தேன். மடிப்பின் ஓரமாக முக்கால் பங்கு மங்கலாக, துருவும் மண்ணும் ஏறிக் கிடந்தது. கடைசிக் கால் பங்கு மட்டும் புதுத் தகரம் மாதிரி பளபளத்தது. அன்றைக்கு உடைந்தது அந்தக் கால் பங்குதான். மீதி எத்தனையோ நாளாக மயிரிழை மயிரிழையாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது, நான்தான் ஒரு தடவை கூடக் குனிந்து பார்க்கவில்லை. தகட்டின் கனம் 2 மி.மீ. கூட இல்லை. விளக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ. அதுவும் மடிப்பிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது. உடையாமல் என்ன செய்யும்?

இப்போது 5 மி.மீ. கனத்தில் ஒரு இரும்புப் பட்டை. பம்பர் சேஸிஸில் சேரும் அதே போல்ட்டுகளில் பிடித்திருக்கிறேன். விளக்கின் தலையிலிருந்து பட்டைக்கு ஒரு சின்னத் தாங்கு கம்பியும் உண்டு. அடியில் ஒரு பிடி, தலையில் ஒரு பிடி. ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கம்பிக்காரர்:

எனக்குப் பிராக்கெட் உடையவில்லை, ஸ்விட்ச் உருகியது.

ஹாலஜன் காலத்துக் கதை. 100 வாட் விளக்கு இரண்டு. பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேராக விளக்குக்கு விட்டேன். ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) எல்லாம் கடைக்காரர் சொல்லும் கூடுதல் செலவு என்று நினைத்த வயது. 200 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 16 ஆம்பியருக்கு மேல். அந்தச் சின்ன ஸ்விட்ச் அதை எப்படித் தாங்கும்? இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. கையை வைத்தால் ஸ்விட்ச் களிமண் மாதிரி அழுங்குகிறது. அணைக்கவும் முடியவில்லை, பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றினேன். பேட்டரி பக்கம் ஃப்யூஸும் போடவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த வயர் எங்காவது தோலுரிந்து பாடியில் பட்டிருந்தால் வண்டியே போயிருக்கும்.

மறுநாள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். அதே நேரம் விளக்கின் முனையில் 11.2 தான். 1 ச.மி.மீ. வயர், போக வர எட்டு மீட்டர், நடுவே முறுக்கிச் சுற்றிய இணைப்புகள். 2.6 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிட்டன. ஹாலஜனில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறையாது, வோல்ட் விகிதத்தின் சுமார் 3.4 ஆம் அடுக்கில் (பவரில்) சரியும். கணக்குப் போட்டால் வர வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வந்திருக்கிறது. நான் பாட்டுக்கு இன்னும் பெரிய பல்பு தேடிக்கொண்டிருந்தேன்!

பிறகு செய்தது: பேட்டரியிலிருந்து ஒரு கையகலத்துக்குள் 25 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 4 ச.மி.மீ. வயர், 40 ஆம்பியர் ரிலே. ஃப்யூஸிலிருந்து வருவது ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, விளக்குக்குப் போவது 87. மீதி இருக்கும் 85, 86 இரண்டும் ரிலேயை இழுக்கும் சுருளுக்கு. ஸ்விட்ச் வழியாக இப்போது அந்தச் சுருளின் மின்சாரம் மட்டும்தான், கால் ஆம்பியர் கூட வராது. விளக்கில் 13.3 வோல்ட் வந்தது. பல்பு அதே பழைய பல்பு.

இன்னொன்று. எர்த் போல்ட்டுக்கு (மைனஸ் வயரை வண்டி பாடியில் சேர்க்கும் போல்ட்) அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் முடுக்கி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விளக்கை எரியவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

எல்இடி வந்த பிறகு மின்சாரம் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வயர் தோலுரிந்தால் பற்றும் தீ, அது ஹாலஜனா எல்இடியா என்று பார்க்காது.

புதுவண்டி:

அண்ணா, ரிலே நீங்கள் சொன்ன மாதிரியேதான் போட்டேன். ஹை பீம் போட்டால் மட்டும் எரியட்டும் என்று ஹெட்லைட்டின் ஹை பீம் வயரிலிருந்து 86க்கு எடுத்து, 85ஐ எர்த் செய்தேன். நடந்தது என்ன தெரியுமா? லோ பீமில் எரிகிறது, ஹை பீம் போட்டால் அணைந்துவிடுகிறது! எதிரே வருபவருக்கு மரியாதையாக டிம் செய்தால் அவர் முகத்திலேயே முழு வெளிச்சம். ரிலேயை மூன்று தடவை மாற்றினேன். பேய் பிடித்த வண்டி என்று தம்பி கேலி செய்கிறான்.

கம்பிக்காரர்:

தம்பி, ரிலே மேல் தப்பில்லை. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கு பிளஸ் பொதுவாக வந்துவிடும், ஸ்விட்ச் செய்வது மைனஸை. சில பிக்கப்புகளில் அப்படித்தான். லோ பீமில் இருக்கும்போது ஹை பீம் முனைக்கு மைனஸ் கிடையாது. பொது பிளஸ் ஹை பீம் இழை வழியாகவே அந்த முனைக்கு வந்து நிற்கும். அதை உங்கள் ரிலே பிளஸ் என்று நம்பி இழுத்துக்கொள்கிறது. ஹை பீம் போட்டதும் முனை மைனஸ் ஆகிவிடுகிறது, ரிலே விட்டுவிடுகிறது.

86க்கு சாவி போட்டால் வரும் பிளஸை, டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். 85ஐ எர்த்திலிருந்து கழற்றி அந்த ஹை பீம் வயரில் சேருங்கள். தொழிற்சாலையிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வந்த வண்டி என்றால் இந்த வேலையே வேண்டாம். சிலவற்றில் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விடுவார்கள், ரிலே டர்ர்ர் என்று கத்தும். அந்த மாதிரி வண்டிக்கென்றே தனியாக வயரிங் கிட் இருக்கிறது.

புதுவண்டி:

மாற்றிவிட்டேன் அண்ணா. பேய் இறங்கிவிட்டது.

மேட்டுக்கண்:

நான் கூரையில் மாட்டியவன். கேபினுக்கு மேலே 50 அங்குல எல்இடி பார். படத்தில் பார்த்தால் பிக்கப்புக்கு அதைவிட அழகு எதுவும் இல்லை.

முதல் தொல்லை பானெட். வெளிச்சம் மேலிருந்து விழுந்து பானெட்டில் பட்டு நேராக என் கண்ணுக்கே திரும்பி வந்தது. வெள்ளை வண்டி வேறு. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், பாதி தேவலாம். அடுத்தது சத்தம். 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஊ என்று ஊளை. பாரின் முதுகில் இருக்கும் துடுப்புகளில் காற்று விளையாடுவதுதான் காரணம். ரப்பர் பட்டை செருகியதும் அடங்கியது.

மூன்றாவதற்கு மருந்தே கிடைக்கவில்லை. முன்னால் ஒரு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். கூரை விளக்கு கண்ணுக்கு ஒரு முழம் மேலேதான் இருக்கிறது. புழுதியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முழுக்க நம் பார்வைக் கோட்டிலேயே வந்து விழும். வெள்ளைச் சுவருக்குள் வண்டி ஓட்டுவது மாதிரி. மூடுபனியிலும் அதே கதை. விளக்கு கண்ணை விட்டு எவ்வளவு கீழே தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடைசியில் பாரைக் கழற்றிவிட்டு, பம்பரின் அடிப்பகுதியில் அகலமாக விரியும் சின்ன விளக்கு இரண்டு வைத்தேன்.

மஞ்சள் கண்ணாடி போட்டால் பனி ஊடுருவும் என்பார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். பனித் துளிகள் ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியவை, எந்த நிறமானாலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, அதனால் போட்டிருக்கிறேன். இடத்தை மாற்றியதில் கிடைத்த பலனில் கால்வாசி கூட நிறத்தில் கிடைக்கவில்லை.

ஓடைக்கரை:

சின்ன விஷயம். ஒரு மணி நேரம் எரிந்து கொதித்துக்கொண்டிருந்த விளக்கோடு ஓடையில் இறங்கினேன். மறுநாள் காலை லென்ஸுக்குள் மீன் தொட்டி மாதிரி தண்ணீர். ஐபி67 என்று பெட்டியில் போட்டிருந்தது. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அதற்கு அர்த்தம், ஆனால் அந்தச் சோதனை சூடான விளக்கைச் சட்டென்று குளிரவைக்கும் சோதனை இல்லை. உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்போது சீலில் எங்கே பலவீனம் இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. காற்று மட்டும் போய் வரும் சவ்வு வைத்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள். இப்போது ஓடை வந்தால் ஐந்து நிமிடம் முன்னாலேயே அணைத்துவிடுகிறேன்.

வானொலிப்பிரியர்:

மாட்டினேன், எரியவிட்டேன், எஃப்எம் செத்துவிட்டது. அணைத்தால் உயிர் வருகிறது. எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் உள்ளே இருக்கிறது, அது செய்யும் வேலை. வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டதில் பாதி சரியானது, மீதிக்கு வேறு விளக்கு வாங்கினேன்.

சுமைதூக்கி:

இதுவரை யாரும் பாரத்தைப் பற்றிப் பேசவில்லையே. பிக்கப் என்பது மூட்டை ஏற்றுகிற வண்டி அல்லவா?

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சுவரிலிருந்து 25 அடி தள்ளி, விளக்கின் உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்து, வெளிச்சத்தின் நடுப்பகுதி டேப்புக்குக் கொஞ்சம் கீழே விழும்படி அழகாக வைத்தேன். ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. அப்புறம் பின்னால் முழு லோடு ஏற்றி இரவில் கிளம்பினேன். பாதை இருட்டாக இருக்கிறது, மர உச்சிகள் மட்டும் ஜொலிக்கின்றன. ஆந்தையை எண்ணிக்கொண்டே போகலாம்.

கணக்கு எளிதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர். லோடில் பின்பக்கம் 8 செ.மீ. அமுங்கினால் 100 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 2.7 மீட்டர் மேலே ஏறிவிடும். ஹெட்லைட்டுக்காவது பல வண்டிகளில் உள்ளேயிருந்தே வெளிச்சத்தை இறக்கும் சின்னத் திருகு சக்கரம் உண்டு. நாம் மாட்டிய விளக்குக்கு அது ஏது? இப்போது பாதி லோடில் வைத்துத்தான் திருப்புகிறேன். காலியாக ஓட்டும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டே விழும், அதோடு வாழப் பழகிவிட்டேன்.

அன்றைக்கு எதிரே ஒரு வேன் வந்தது. நான் விளக்கை அணைக்க அரை நொடி தாமதம், அவர் சாலையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே "ஒண்ணும் தெரியலைங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அதிலிருந்து தார்ச் சாலை ஏறியதும் விளக்குக்கு மூடி போட்டுவிடுகிறேன். பல நாடுகளில் பொதுச் சாலையில் அது சட்டமும்கூட.

விளக்குக் கண்ணாடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ.நா. வாகன விதி எண் 48ஐப் பின்பற்றும் நாடுகளில் ஒரே நேரத்தில் எரியும் ஹை பீம் எல்லாம் சேர்த்து 100 என்ற குறியீட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 4,30,000 கேண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு). கூடுதல் விளக்கில் 37.5 என்று இருந்தால் இரண்டுக்கு 75 ஆயிற்று. வண்டியின் சொந்த ஹெட்லைட் மீதி 25க்குள் அடங்க வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமனை (எல்லாத் திசைக்கும் சேர்த்த மொத்த ஒளி) வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எத்தனை மீட்டரில் 1 லக்ஸ் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) என்று கேளுங்கள். 500 மீட்டர் என்றால் 2,50,000 கேண்டெலா.

புழுதிப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. சுமைதூக்கி சார் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை லோடோடு சுவர் முன்னால் நிறுத்தினேன். என்னுடையதும் ஆந்தை பார்க்கத்தான் போயிருக்கிறது, இறக்கிவிட்டேன்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். இரும்புப் பட்டை போட்ட பிறகு, மலை ஏற்றத்தில் முதல் கியரில் போகும்போது வெப்பமானி முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. விளக்கு இரண்டும் கிரில்லின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. நாலு விரல் வெளிப்பக்கமாக நகர்த்தியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பம்பரில் ரேடார், பார்க்கிங் சென்சார் இருப்பவர்கள் அதையும் மறைக்காமல் பாருங்கள். காற்றுப்பை சென்சார் இருக்கும் இடத்தில் துளையே போடாதீர்கள்.

நட்டு எல்லாவற்றிலும் நைலான் வளையம் வைத்தது போட்டிருக்கிறேன். முடுக்கிய பிறகு நட்டுக்கும் பட்டைக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. 200 கி.மீ. மண் பாதை ஓடிவிட்டு இன்று காலை குனிந்து பார்த்தேன். ஐந்தில் கோடு அப்படியே இருக்கிறது. தாங்கு கம்பியின் மேல் நட்டில் மட்டும் கோடு ஒரு நூல் விலகியிருக்கிறது. அந்த நட்டை மாற்றிவிட்டுப் பழையதைக் கையில் வைத்துப் பார்த்தால், நைலான் வளையம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மூன்று தடவை கழற்றி மாட்டியது நான்தான்.