செய்தியாளர்மீது நம்பிக்கை குறைந்ததற்கு யார் பொறுப்பு?

மாட்டுங்கா வாசகன்:
2008 நவம்பர் 26 அன்று நம் மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, தாஜ் ஓட்டலிலும் நரிமன் இல்லத்திலும் பாதுகாப்புப் படையினர் என்ன செய்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிக்கொண்டே இருந்தன. எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் ஆணையிட்டவர்கள் அதைப் பார்த்தபடியேதான் பேசினார்கள் என்பது உரையாடல் பதிவுகளிலிருந்து தெரிகிறது. தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நேரலையால் நாட்டுக்கோ சமூகத்துக்கோ நன்மை எதுவும் இல்லை, அலைவரிசைகளின் வணிக நலனே அதில் இருந்தது என்று கண்டித்தது. மைக்கைப் பிடித்து நின்றவர் செய்தியாளர்தானே? பழியை முதலாளிமேல் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

செம்பூர்வாசி:
ஐயா, தீர்ப்பை நான் மறுக்கவில்லை. வணிக நலன் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது, அந்த வணிகம் மாதச் சம்பளக்காரருடையதா என்றுதான் கேட்கிறேன். 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை போட்டி மராத்தி நாளிதழ்களில் வரி மாறாமல் வந்ததை வெளிக்கொணர்ந்தவர் பி. சாய்நாத், அவரும் செய்தியாளர்தான். பணம் வாங்கிச் செய்தி போடும் இந்த வழக்கத்தை ஆராய, பத்திரிகைகளின் நெறியைக் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு, பத்திரிகைகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கை கொடுத்தது. கவுன்சிலோ 2010 ஜூலையில் பெயர்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் ஏற்றது. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, 2011இல்தான் முழு அறிக்கை வெளியே வந்தது. அதை எழுதிய இருவருமே செய்தியாளர்கள்.

நேரலைக்கு வந்த கட்டுப்பாட்டையும் பாருங்கள். 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை, அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது சொல்வதைத்தான் ஒளிபரப்பலாம். உயிரைக் காக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால், செய்தியாளரை நம்பாத சமூகத்துக்குக் கடைசியில் மிஞ்சுவது அதிகாரியின் அறிக்கைதான் என்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

மாட்டுங்கா வாசகன்:
ஒரு சாய்நாத் எழுதினார் என்பதற்காக, அந்தக் கட்டுரைகளுக்குத் தலைப்பு வைத்துப் பக்கம் கட்டியவர்களின் பொறுப்பு கழிந்துவிடுமா? விளம்பரம் என்று குறிப்பிடாமல் அச்சுக்கு அனுப்பியவர்களுக்கு அது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்?

தாராவிக்காரன்:
இருவரும் முதலாளி, தொழிலாளி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தாராவியில் முதல் கொரோனா தொற்று பதிவானபோது, எங்கள் சந்துக்குள் ஒரு தொலைக்காட்சிக் குழு வந்து, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவர்களின் முகங்களை அப்படியே காட்டியது. அந்த வரிசையில் இருந்த எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவரை, வீட்டு வேலைக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில் தொற்று தணிந்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னபோது, அந்தத் தொலைக்காட்சிக் குழு திரும்பி வந்து எங்கள் உறவுக்காரப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால், பிரஸ் கவுன்சிலின் வரம்பில் தொலைக்காட்சி இல்லை. அச்சு இதழ்களைக்கூட அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் விதிக்க முடியாது.

மாட்டுங்கா வாசகன்:
நான் சொல்வதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? முகத்தைக் காட்டலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் தேவையில்லை.

செம்பூர்வாசி:
கேட்டிருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முகம் தெரியாத காட்சியோடு அலுவலகம் திரும்பும் ஒப்பந்த நிருபருக்கு அங்கே என்ன பதில் கிடைக்கும் என்பதையும், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீளுமா என்பதையும் அந்த வேலையில் இருப்பவர் எவரிடமாவது விசாரித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள், ஐயா.