தீர்வைப் படித்தால் புரிகிறது, நானாகப் போட்டால் முதல் வரியே வரவில்லை

அரைவட்டம்:

ஒலிம்பியாட் வகைக் கணக்குகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகக் கணக்குகளில் சிக்கல் இல்லை. இதில்தான், தீர்வைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது, அடுத்த கணக்கை எடுத்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு உதாரணம்: 1! + 2! + 3! + ... என்று (3! என்றால் 1 × 2 × 3, மற்றவையும் அப்படியே) கூட்டிக்கொண்டே போனால் எப்போதெல்லாம் முழு வர்க்கம் வரும்? தீர்வு "கடைசி இலக்கத்தைக் கவனிப்போம்" என்று தொடங்கி இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. கடைசி இலக்கத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவருக்கு ஏன் தோன்ற வேண்டும்? தோன்றாதவன் என்ன செய்வான்? எண்ணியல், எண்ணிக்கைக் கணக்கு, வடிவியல் மூன்றிலும் இதே கதைதான், வடிவியலில் கொஞ்சம் கூடுதலாகவே. சூத்திரப் பட்டியல் மட்டும் யாரும் தர வேண்டாம், அது என்னிடம் ஏகப்பட்டது இருக்கிறது.

மீதிக்காரன்:

தோன்றவே வேண்டாம், கூட்டிப் பாருங்கள். 1, 3, 9, 33, 153, 873, 5913. நாலாவதிலிருந்து எல்லாம் 3-இல் முடிகிறது, இதைப் பார்த்த பிறகு கடைசி இலக்கத்தைக் கவனிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஏன் அப்படி என்று கேட்டால் 5! = 120, அதற்கு மேல் எல்லாமே பூச்சியத்தில் முடிபவை, ஆகவே 33-இன் 3 அப்படியே நின்றுவிடுகிறது. வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில்தான் முடியும். மிச்சம் முதல் மூன்று, அதில் 1-உம் 9-உம் வர்க்கம். முடிந்தது. அந்தத் தீர்வை எழுதியவரும் அநேகமாக இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார், ஆனால் அந்தக் கிறுக்கல் தாளை யாரும் அச்சடிப்பதில்லை.

இன்னொன்று. 1959-இல் ருமேனியாவில் நடந்த முதல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் முதல் கணக்கு: மேலே 21க + 4, கீழே 14க + 3 உள்ள பின்னம், க எந்த இயல் எண்ணாக இருந்தாலும் சுருங்காது என்று நிறுவ வேண்டும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பொது வகுத்தி என்ற பேச்சு வந்தாலே யூக்ளிட் செய்த மாதிரி கழித்துக்கொண்டே போகலாம். மேலிருந்து கீழைக் கழித்தால் 7க + 1. அதை இரண்டு மடங்காக்கி 14க + 3-இலிருந்து கழித்தால் 1. இரண்டையும் வகுக்கும் எண் எதுவானாலும் 1-ஐயும் வகுத்தாக வேண்டும், அவ்வளவுதான். இதில் மேதைத்தனம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

எண்ணிப்பார்:

எண்ணிக்கைக் கணக்கில் நோய் வேறு. அங்கே தொடங்குவது சுலபம், தவறாகத் தொடங்குவது அதைவிடச் சுலபம். 5 ஆண்கள், 4 பெண்கள், 3 பேர் கொண்ட குழு, ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் முதலில் ஒரு பெண்ணை 4 வழியில் எடுத்துவிட்டு, மீதி 8 பேரில் இருவரை 28 வழியில் எடுத்து, பெருக்கி 112 என்று எழுதிவிடுவார்கள். நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 3 பேரை எடுத்தாலே மொத்தம் 84 வழிதான்! அதில் ஆண்கள் மட்டும் உள்ள 10 குழுக்களைக் கழித்தால் 74, இதுதான் சரியான விடை.

சரி, 112 எங்கிருந்து வந்தது என்று தோண்டுங்கள், இந்தக் கணக்கில் விடையைவிட அதுதான் முக்கியம். ஒரு பெண் மட்டும் உள்ள குழுக்கள் 40, இரண்டு பெண்கள் உள்ளவை 30, மூன்றும் பெண்கள் 4. "முதலில் எடுத்த பெண்" என்று ஒருத்தியைத் தனியாக அடையாளப்படுத்தியதால், இரண்டு பெண்கள் உள்ள குழு இரண்டு முறையும் மூவருமே பெண்களாக உள்ள குழு மூன்று முறையும் எண்ணப்பட்டன: 40 + 60 + 12 = 112. ஆக பெருக்குவதற்கு முன் ஒரு குழுவை, நிஜமாகவே ஒரே ஒரு குழுவை, தாளில் எழுதி, "என் வழிமுறையில் இது எத்தனை தடவை வரும்" என்று கேளுங்கள். ஒன்று என்று வந்தால் மேலே போகலாம். எப்போதும் இரண்டு என்று வந்தாலும் பரவாயில்லை, கடைசியில் இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். குழுவுக்குக் குழு மாறினால் அந்த வழியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

கோணல்கோடு:

வடிவியலைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதலில் படம். பெரிதாக, காம்பஸும் ஸ்கேலும் வைத்து, சமபக்கமாகவோ செங்கோணமாகவோ தப்பித்தவறிக்கூட அமைந்துவிடாத ஒரு முக்கோணமாக வரையுங்கள். பாதிப் பேர் சின்னதாக இருசமபக்க முக்கோணத்தை வரைந்துவிட்டு, அதில் மட்டும் உண்மையாக இருக்கும் ஒன்றை நிறுவ மல்லுக்கட்டுவார்கள்.

அப்புறம் வடிவியலில் மட்டும், திரும்பத் திரும்ப வரும் சில அமைப்புகளைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும், இதில் மீதிக்காரன் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எனக்குப் பிடித்தது ஒன்று சொல்கிறேன். கசத ஒரு முக்கோணம், ந அதன் உள்வட்ட மையம். க-வின் கோண இருசமவெட்டியை நீட்டினால் சுற்றுவட்டத்தை மறுபடியும் ம-வில் வெட்டுகிறது. படம் நன்றாக இருந்தால் மச, மத, மந மூன்றும் ஒரே நீளம் என்று ஸ்கேலே சொல்லிவிடும். நிறுவுவது எப்படி? கோணம் சநம என்பது கசந முக்கோணத்தின் வெளிக்கோணம், ஆகவே க-வில் பாதியும் ச-வில் பாதியும் சேர்ந்தது. கோணம் நசம-வில் ஒரு துண்டு ச-வில் பாதி, இன்னொரு துண்டு தசம, அது மத என்ற அதே வில்லின் மேல் நிற்பதால் தகம-வுக்குச் சமம், அதாவது க-வில் பாதி. இரண்டு கோணமும் சமம், எனவே மச = மந. மறுபக்கமும் இதே மாதிரி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், உள்வட்ட மையமும் சுற்றுவட்டமும் ஒன்றாக வரும் எந்தக் கணக்கிலும் முதலில் ம-வைக் குறித்துவிட்டு யோசிக்கலாம். முதல் வரி இல்லை என்றீர்களே, வடிவியலில் அது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்.

அரைவட்டம்:

அனைவருக்கும் நன்றி. 112 கணக்கு பளிச்சென்று புரிந்தது. முதல் கணக்கையே கொஞ்சம் மாற்றி, வர்க்கத்துக்குப் பதில் கன எண் எப்போது வரும் என்று போட்டுப் பார்த்தேன். கடைசி இலக்கம் உதவவில்லை, கன எண் எந்த இலக்கத்திலும் முடியும். கன எண்ணை 9-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 மட்டும்தான் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது, ஆனால் 153-இலிருந்து எல்லாமே 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. 0 அனுமதிக்கப்பட்ட மீதி என்பதால் அங்கேயே நிற்கிறேன்.

மீதிக்காரன்:

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள். 9 கைவிட்டால் 7-ஐப் பிடியுங்கள். 0 முதல் 6 வரை ஒவ்வொன்றையும் கனப்படுத்தி 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 0, 1, 6 மட்டுமே வரும். 3-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களில், அதாவது 7, 13, 19 போன்றவற்றில், கன எண்களுக்கு இப்படி மீதிகள் குறைந்துபோகும். 5, 11 மாதிரியானவற்றில் எல்லா மீதியும் வந்துவிடும், அங்கே தேடிப் பயனில்லை. வர்க்கம் என்றால் 3, 4, 5, 8 வைத்துப் பாருங்கள், நான்காம் அடுக்குக்கு 16 அருமையானது, மீதி 0 அல்லது 1 மட்டும்தான். எதால் வகுப்பது என்பதற்குப் பின்னால் இருக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

உங்கள் கணக்கில் 873-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. 7! முதல் எல்லாம் 7-இன் மடங்கு, ஆகவே அதற்குப் பிறகும் மீதி 5-ஆகவே இருக்கும். 5 அந்தப் பட்டியலில் இல்லை. முதல் ஐந்தைக் கையால் பார்த்தால் 1 மட்டும் கன எண்.

9-ஐயும் விட்டுவிட வேண்டாம். கன எண் 3-ஆல் வகுபட்டால் 27-ஆலும் வகுபட்டாக வேண்டும் இல்லையா, அந்த வழியிலும் முடிக்கலாம். 8! வரை கூட்டினால் 46233, அதை 27-ஆல் வகுத்துப் பாருங்கள். 5913 மட்டும் கொஞ்சம் தொல்லை கொடுக்கும், ஏனென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.