கோட்டி ரெசிடென்சி மாளிகை மகளிர் கல்லூரியானது எப்படி?

கேள்வி:
ஹைதராபாத் கோட்டியிலுள்ள மகளிர் கல்லூரி வளாகத்தை அண்மையில் பார்த்தேன். சிங்கச் சிலைகளுக்கு நடுவே ஏறும் அகன்ற படிக்கட்டும், உயர்ந்த தூண்கள் தாங்கும் முகப்பும் கல்லூரிக்கெனக் கட்டப்பட்டவையாகத் தோன்றவில்லை. இது யாருக்காக எழுந்தது, எப்போது வகுப்பறையானது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்:
ஐயா, நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை இது. வடிவமைத்தவர் சாமுவேல் ரஸ்ஸல் என்ற ராணுவப் பொறியாளர். செலவை ஏற்றவரோ நிஜாம். கிர்க்பாட்ரிக் ஹைதராபாத் பிரபுக் குடும்பத்துப் பெண்ணான கைருன்னிசாவை மணந்தவர். அவருக்காக வளாகத்தில் கட்டப்பட்ட அந்தப்புரம் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. தோட்டத்தில் இருக்கும் மாளிகையின் சிறு மாதிரியும் அவருக்காகவே செய்யப்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். கிர்க்பாட்ரிக் 1805இல் கல்கத்தாவில் காலமானார்.

மற்றொரு பதில்:
மேலே சொன்னதோடு 1857 ஜூலை 17ஐயும் சேர்க்க வேண்டும். அன்று பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் தலைமை தாங்கி இந்த ரெசிடென்சியைத் தாக்கினார்கள். அலாவுதீன் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். தப்பிச் சென்ற துர்ரேபாஸ் கான் பின்னர் கொல்லப்பட்டார். இன்று மாணவிகள் புத்தகத்தோடு நடக்கும் இடம் அந்தப் போராட்டத்தின் களம் என்பதை வளாகத்திலேயே விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1947இல் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் ரெசிடென்ட் என்ற பதவியே இல்லாமற்போனது. 1924இல் தொடங்கப்பட்டு, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிய மகளிர் கல்லூரி 1949இல் இங்கே குடியேறியது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இத்தனை ஆண்டுகள் வகுப்புகள் நடந்தது கட்டடத்துக்குக் கேடாக அமையவில்லையா?

பதில்:
கேடும் உண்டு. தர்பார் மண்டபத்தின் வண்ணக் கூரையும் பழைய சரவிளக்குகளும் அன்றாடப் புழக்கத்துக்கு ஏற்றவையல்ல. மழைநீர்க் கசிவும் பராமரிப்புக் குறைவும் சேர்ந்து மாளிகையைச் சிதைத்ததால்தான், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் 2002இல் இதைச் சேர்த்தது. அதன் பிறகு மீட்புப் பணிகளும் நடந்தன. ஆனாலும் நகரின் நெரிசல் மிகுந்த வணிகப் பகுதியில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் இந்த வளாகம் துண்டு துண்டாகக் கைமாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். 2022இல் இக்கல்லூரி தெலங்கானா மகளிர் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டிருப்பதால், வகுப்புகளைப் புதுக் கட்டடங்களில் நடத்தி, மாளிகையை அருங்காட்சியகமாகவும் ஆய்வு நூலகமாகவும் வைத்துக்கொள்வதே பொருத்தமானது.