ஒரு கிண்ணம் மண், அதில் இரண்டு புழு

வீட்டுக்குப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள் என்றால் நான் கேக் பக்கமே போவதில்லை. சாக்லேட் புட்டிங்கை அடுக்கடுக்காக ஊற்றி, மேலே கறுப்பு பிஸ்கட்டைப் பொடித்துத் தூவி, ஜெல்லிப் புழுக்களைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி சொருகிக் கொடுத்துவிடுவேன். பார்ப்பதற்கு அசல் மண். ஓவன் வேண்டாம், அடுப்பில் கொஞ்ச நேர வேலை, மிச்சத்தை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். இதைச் செய்து பரிமாறியபோதெல்லாம் பார்த்ததையும் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது சுலபமான இனிப்புதான், ஆனால் கவனமாகச் செய்தால் மட்டுமே மண் போல இருக்கும், இல்லாவிட்டால் வெறும் சாக்லேட் கூழ்.

கிண்ணத்தை முன்னால் வைத்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்வார்கள். சின்னதுகள் முதலில் விரலால் தொட்டுப் பார்க்கும், அப்புறம் அம்மா முகத்தைப் பார்க்கும், 'சாப்பிடலாமா?' என்று வாயால் கேட்காது, கண்ணால் கேட்கும். கொஞ்சம் பெரியதுகள் புழுவை இழுத்து வெளியே எடுத்து பக்கத்தில் இருப்பவன் மூக்குக்கு நேரே ஆட்டும். ஒரு பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான், மற்றவர்கள் வாயெல்லாம் கறுப்பாகச் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் கரண்டியை எடுத்தான், அதுவும் புழு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். வயதான விருந்தாளி ஒருவர், "மண்ணை எதுக்கும்மா கிண்ணத்துல வச்சிருக்க?" என்று உண்மையாகவே கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்வதற்குள் பேத்தி ஒரு கரண்டி எடுத்து அவர் வாயில் ஊட்டிவிட்டாள்.

அந்தத் தயக்கம் இருக்கிறதே, மண்ணா தின்பண்டமா என்று மனசு ஒரு நொடி தடுமாறுவது, அதற்காகத்தான் இந்த இனிப்பு. அது வர வேண்டுமானால் மேலே இருப்பது உலர்ந்து உதிர வேண்டும், கீழே இருப்பது ஈரமாகக் குழைய வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் புட்டிங். அரை லிட்டர் பாலுக்கு 30 கிராம் கார்ன்ஃப்ளார், 25 கிராம் கோகோ, 75 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் சேர்க்க 100 கிராம் டார்க் சாக்லேட். இது ஆறு சின்னக் கண்ணாடி டம்ளர்களுக்கு வரும். கார்ன்ஃப்ளாரைச் சூடான பாலில் நேரே போட்டால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்பக்கமும் உடனே வெந்து பசையாகி உள்ளே உலர்ந்த மாவை மூடிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அதனால் குளிர்ந்த பாலில் கொஞ்சத்தை எடுத்து மாவையும் கோகோவையும் அதில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு மொத்தப் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து அடுப்பில் வைக்கவும். நடுத்தரத் தீ, அடி கனத்த பாத்திரம், கையை எடுக்காமல் கிண்டுவது. கெட்டியாகத் தொடங்கியதும் பலர் இறக்கிவிடுகிறார்கள். அது போதாது. குமிழ் விட்டுக் கொதி வந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் கிண்ட வேண்டும், அப்போதுதான் மாவு முழுசாக வேகும், பச்சை வாசனை போகும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இறக்கிவைத்துச் சாக்லேட்டை உடைத்துப் போட்டால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும்.

முட்டை மஞ்சள்கரு சேர்ப்பவர்கள் இந்தக் கொதி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மஞ்சள்கரு போட்டு அழகாகச் செய்து வைத்தார், இரவு கெட்டியாக இருந்தது காலையில் பாயசப் பதத்துக்கு இளகிக் கிடந்தது, பால் சரியில்லை என்று பாலைக் குறை சொன்னார். பால்மேல் தப்பே இல்லை. மஞ்சள்கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தை வெட்டிவிடும். நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். முட்டை கெட்டியாகத் திரிந்துவிடுமோ என்று பயந்து சீக்கிரம் இறக்கினால் அந்த நொதி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கார்ன்ஃப்ளார் சேர்ந்திருக்கும்போது முட்டை அவ்வளவு எளிதில் திரியாது, தைரியமாகக் கொதிக்க விடலாம். நான் பெரும்பாலும் முட்டை சேர்ப்பதில்லை, இதற்கு அது தேவையும் இல்லை.

சுடச்சுட இருக்கும்போதே க்ளிங் ஃபிலிமை, அதாவது பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, புட்டிங்கின் மேற்பரப்பில் ஒட்டுமாறு போட்டுவிட்டால் ஆடை படியாது. ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு அதைப் போட்டு அடிக்காதீர்கள், ஒருமுறை இறுகிய புட்டிங்கை ரொம்பக் கலக்கினால் தளர்ந்துவிடும். ஃப்ரீஸரும் வேண்டாம், உறைந்து உருகும்போது தண்ணீர் பிரிந்து நிற்கும்.

உடனடி புட்டிங் பொடி வாங்கிச் செய்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை, அடுப்பே வேண்டாம் என்பதால் பிள்ளைகளே முழுசாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பொடியில் முன்பே வேகவைத்து உலர்த்திய மாவுச்சத்தோடு பாஸ்பேட் உப்புகளும் இருக்கும், அவை பாலில் உள்ள புரதத்தோடு சேர்ந்துதான் கெட்டிப்படுத்துகின்றன. அதனால் பாதாம் பால், சோயா பால் போன்றவற்றை அதே அளவில் ஊற்றினால் சரியாக இறுகாது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்காகச் செய்கிறீர்கள் என்றால் கார்ன்ஃப்ளார் போட்டு அடுப்பில் கிண்டுவதே நல்லது, அது எந்தப் பாலிலும் இறுகும். சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் பால் இருக்கிறதா என்று லேபிளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம். நடுவில் வெள்ளை க்ரீம் வைத்த கறுப்பு பிஸ்கட்தான் இதற்குப் பொருத்தம். ஓரியோ 1912இலேயே வந்துவிட்டது, இப்போது அதே மாதிரி பலரும் செய்கிறார்கள், எதுவானாலும் சரி. அந்த அடர்ந்த நிறம் வருவது காரத்தன்மை ஏற்றிப் பதப்படுத்திய கோகோவால். அப்படிச் செய்யும்போது கோகோவின் புளிப்பு குறைந்து நிறம் ஏறும். சாதாரணச் சாக்லேட் பிஸ்கட்டைப் பொடித்தால் செம்பழுப்பாக இருக்கும், சுவையில் குறையில்லை, ஆனால் தோட்டத்து ஈரமண் நிறம் கிடைக்காது.

பிஸ்கட்டை நடுவில் உள்ள க்ரீமோடு பொடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக வரும், அது அடி அடுக்குக்கு நல்லது, வெண்ணெய்கூட வேண்டாம், கரண்டியால் அழுத்தினாலே படிந்துவிடும். மேலே தூவுவதற்கு க்ரீமைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் பிஸ்கட்டை மட்டும் பொடிக்கவும். மிக்ஸியில் ஓட்டினால் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும், நைஸாக அரைத்துவிட்டால் கோகோ பவுடர் போலாகிவிடும், கொஞ்சம் மணல், கொஞ்சம் கட்டி என்று கலந்து இருந்தால்தான் மண். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கெட்டியான ஜிப் பையில் பிஸ்கட்டைப் போட்டு, காற்றை வெளியேற்றி, சப்பாத்திக் கட்டையைக் கையில் கொடுத்துவிட்டால் வீடே அதிரும், ஆனால் பொடி மட்டும் எந்த மிக்ஸியாலும் வராத பதத்தில் வரும்.

நடு அடுக்குக்கு அடித்த க்ரீம். கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் உள்ள விப்பிங் க்ரீம், நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கிண்ணத்தையும் விஸ்க்கையும்கூடச் சற்று நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் சீக்கிரம் ஏறும். கொஞ்சம் க்ரீம் சீஸ் சேர்த்து அடித்தால் லேசான புளிப்பு வரும், இவ்வளவு சாக்லேட்டுக்கு நடுவில் அந்தப் புளிப்பு பெரிய ஆறுதல். இனிப்பு அதிகம் வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு அதைத்தான் செய்வேன்.

அடுக்கும்போது டம்ளரைப் பக்கவாட்டில் பார்க்கிறவர்களை நினைத்துக்கொண்டு அடுக்குங்கள். பள்ளியில் மண்ணின் அடுக்குகளைப் படிக்கிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் இது இன்னொரு தளத்துக்குப் போய்விடும். அடியில் உடைத்த சாக்லேட் துண்டுகளும் வறுத்த வேர்க்கடலையும் பாறை. அதன்மேல் க்ரீமும் புட்டிங்கும் கலந்த வெளிர்நிற அடுக்கு அடிமண். அதற்கு மேல் கறுத்த புட்டிங். உச்சியில் பிஸ்கட் பொடி மேல்மண். ஒரு சிறுமி நான் புழுவைக் கீழே புதைப்பதைப் பார்த்துவிட்டு, "மேல்மண்லதான் ஆன்ட்டி அது நிறைய இருக்கும், அங்கதான் மக்கின இலை கிடைக்கும்" என்று சொல்லி எடுத்து மேலே வைத்தாள். அன்றிலிருந்து புழுக்கள் மேலேதான். வேர்க்கடலை போடும் முன் அலர்ஜி இருக்கிறதா என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுவிடுகிறேன், அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

புழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் புழு மிட்டாயை ட்ரோலி என்ற ஜெர்மன் நிறுவனம் 1981இல் அறிமுகப்படுத்தியது. பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது, சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போகிறதென்றால் அதற்குப் பதிலாகப் பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின் சேர்த்துச் செய்ததைத் தேடி வாங்குங்கள். இன்னொன்று, புழுவை முன்கூட்டியே புட்டிங்கில் புதைத்துவைத்தால் ஈரத்தை உறிஞ்சி ஊதி வழவழவென்று ஆகிவிடும், மெல்லவே நன்றாக இருக்காது. சர்க்கரை தூவிய புழுவாக இருந்தால் அந்தச் சர்க்கரை கரைந்து சுற்றிலும் ஈரம் கோர்க்கும். பரிமாறும் நேரத்தில் சொருகுவதே சரி.

வீட்டிலேயே புழு செய்வது தனிக் கொண்டாட்டம். வளையும் பகுதி உள்ள ஸ்ட்ராக்களை இழுத்து நீட்டி, ஒரு உயரமான டம்ளரில் நெருக்கமாக நிற்க வைத்து ரப்பர் பேண்டால் கட்டி, ஜெல்லியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஒரு கரண்டி க்ரீம் சேர்த்து ஊற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். க்ரீம் சேர்த்தால் கண்ணாடிபோலத் தெரியாமல் கலங்கலாக, நிஜப் புழு நிறத்தில் வரும். மறுநாள் ஸ்ட்ராவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நொடி காட்டி மேலிருந்து பிதுக்கினால் வரி வரியாக உடம்போடு வழுக்கி வெளியே விழும். இதைப் பார்த்துப் பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு அளவே இல்லை. சில பெரியவர்கள் அந்த அறையை விட்டே போய்விடுகிறார்கள், அது அவர்கள் விருப்பம்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் புழு மிட்டாயை முழுசாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முழு வேர்க்கடலையும் அப்படித்தான். அவர்கள் டம்ளரில் வெறும் மண்ணும் ஒரு புதினாத் தளிரும் போதும், செடி முளைத்திருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

பூந்தொட்டியில் வைத்துப் பரிமாறுவது அழகுதான், பிளாஸ்டிக் மண்வெட்டியைக் கரண்டியாகக் கொடுத்தால் இன்னும் அழகு. ஆனால் தோட்டத்துக்கென்று செய்த தொட்டி உணவு வைக்கும் பாத்திரம் இல்லை, அடியில் ஓட்டையும் இருக்கும், உள்ளே ஒரு டம்ளரையோ கிண்ணத்தையோ இறக்கி அதில்தான் அடுக்க வேண்டும். பொம்மை மண்வெட்டியும் புதிதாக, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும்.

மற்றபடி புட்டிங்கை முந்தின நாளே செய்து அடுக்கி வைத்துவிடலாம், மேல்மண்ணும் புழுவும் மட்டும் கடைசி நேரத்துக்கு. இடையில் இருக்கும் பிஸ்கட் பொடி இரவுக்குள் ஈரம் குடித்துக் கேக் போல மெத்தென்று ஆகிவிடும், எனக்கு அது பிடிக்கும், மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்கள் அடுக்குவதையும் மறுநாளைக்குத் தள்ளுங்கள். பாலும் க்ரீமும் சேர்ந்தது என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே உள்ளே போய்விட வேண்டும். மிஞ்சினால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடலாம், புழுக்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு வையுங்கள்.