எஸ்500 அவ்ளோ வேகம் போகுதுன்னா பழைய எம்3 எதுக்கு?

சீட்பெல்ட்: பழைய கூபேன்னா (ரெண்டு கதவு கார்) உயிரையே விடுறவங்ககிட்ட ஒரு கேள்வி. 2000ல வந்த பிஎம்டபிள்யூ இ46 எம்3, 343 ஹெச்பி, 0-100 கி.மீ. வேகத்துக்கு கம்பெனி சொன்னது 5.2 செகண்ட். 2020ல வந்த மெர்சிடிஸ் எஸ்500 டபிள்யூ223ல பின்னாடி காலை நீட்டிக்கிட்டு தூங்கலாம், 435 ஹெச்பி, அதே 100க்கு 4.9 செகண்ட். சொகுசு செடானே முந்திடுச்சு, அப்புறம் அந்த கூபேல என்ன மிச்சம் இருக்கு?

எட்டாயிரம்_ஆர்பிஎம்: ப்ரோ, காரோட மொத்த கதையையும் 0-100ல அடக்கிட்டீங்களே. எம்3ல இருக்கிற எஸ்54 இன்ஜின் 3.2 லிட்டர், டர்போ கிடையாது, ஆறு சிலிண்டருக்கும் காத்தை உள்ள விடுற த்ராட்டில் தனித்தனி. அந்த 343 ஹெச்பி முழுசா கிடைக்கிறது 7,900 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து), அதுவரைக்கும் விரட்டிட்டு போனாத்தான் கார் யாருன்னு தெரியும். காலைல ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் காட்டுற டேகோமீட்டர சுத்தி ஆரஞ்சு லைட் வரிசையா எரியும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொண்ணா அணைஞ்சுகிட்டே போகும், அதுக்கு முன்னாடி மிதிக்காதேன்னு அர்த்தம். அந்த காத்திருப்புலயே ஓட்டுறவனுக்கும் இன்ஜினுக்கும் ஒரு பேச்சு ஆரம்பிச்சிடுது.

சீட்பெல்ட்: அதைத்தான் நான் குறைன்னு சொல்றேன். எம்3ல 365 என்எம் டார்க் (இன்ஜினோட திருப்பு விசை) வர 4,900 ஆர்பிஎம் வரைக்கும் போகணும். எஸ்500ல 520 என்எம் 1,800லயே வந்துடுது, லாரியை ஓவர்டேக் பண்ண கியரப் பத்தி யோசிக்கவே வேணாம். அஞ்சு மீட்டருக்கு மேல நீளமான காரு, ஆனா ரியர் ஆக்ஸில் ஸ்டீயரிங் ஆப்ஷன் போட்டா மெதுவா திருப்பும்போது பின் சக்கரம் எதிர் பக்கமா 10 டிகிரி வரைக்கும் திரும்புது, குறுகலான பார்க்கிங்ல சின்ன கார் மாதிரி வளைஞ்சு வந்துடும். பாதுகாப்பையும் சொல்லுங்க, பின்சீட்டுல இருக்கிறவங்களுக்கு முன்பக்க ஏர்பேக் கூட இதுல எடுத்துக்கலாம். வீட்டுல பெரியவங்கள கூட்டிட்டு போறவனுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

எட்டாயிரம்_ஆர்பிஎம்: பெரியவங்கள கூட்டிட்டு போக எஸ்500தான், அதுல எனக்கு மறுப்பே இல்ல. நான் பேசுறது ஓட்டுறவன் சீட்டப் பத்தி. எம்3 ஒன்றரை டன்ன ஒட்டி, எஸ்500 ரெண்டு டன் பக்கம். அந்த எடை வித்தியாசத்த நேர் ரோட்டுல டார்க் மறைச்சிடும், ஆனா பெண்டுக்கு முன்னாடி பிரேக் மிதிக்கும்போதும் அடுத்தடுத்து வளைவு வரும்போதும் மறைக்க முடியாது. எந்த கியர்ல உள்ள போகணும்னு நீங்கதான் முடிவெடுக்கிறீங்க, க்ளட்ச் உங்க கால்ல, லீவர் உங்க கைல, சரியா விழுந்தா அந்த சந்தோஷம் முழுக்க உங்களோடது.

ஆயில்கறை: ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றேன். எம்3 வாங்கப் போறவங்க சத்தத்துல மயங்கி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, முதல்ல காரை கராஜ் லிஃப்ட்ல ஏத்துங்க. பின்னாடி சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனை தாங்குற சட்டம்) மாட்டுற இடத்துல ஃப்ளோர் தகடு கிராக் விடுறது அந்த மாடலுக்கே தெரிஞ்ச நோய், டார்ச் அடிச்சு வெல்டிங் ஓரமா பாருங்க, அடியில புதுசா அண்டர்கோட் (துரு தடுக்கிற பூச்சு) பூசி இருந்தா இன்னும் நல்லா பாருங்க. இன்ஜினுக்குள்ள இருக்கிற கனெக்டிங் ராட் பேரிங் மாத்தின பில் இருக்கா, வேனோஸ் (வால்வு திறக்கிற நேரத்த மாத்துற பிஎம்டபிள்யூ சிஸ்டம்) ரிப்பேர் வேலை பண்ணியிருக்கா, இதையும் கேளுங்க. ஆனா ஒண்ணு, இதெல்லாம் ஸ்பேனரும் வெல்டிங்கும் தெரிஞ்சவன் சரி பண்ணக்கூடிய வேலை.

சீட்பெல்ட்: நீங்க சொன்னதே என் பக்கம்தானே அண்ணா. ஃப்ளோரையே வெட்டி ஒட்டுற அளவுக்கு செலவு வைக்கிற காரை எதுக்கு ஒருத்தன் கட்டிக்கிட்டு அழணும்?

ஆயில்கறை: இல்ல தம்பி, எஸ்500க்கும் 20 வயசு ஆகட்டும்னு சொல்றேன். ஏர் சஸ்பென்ஷன், 48 வோல்ட் சிஸ்டம், அவ்ளோ பெரிய ஸ்க்ரீன், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சாஃப்ட்வேர்ல பேசிக்குது, ஒரு மாட்யூல் செத்தா பழசுல இருந்து கழட்டி மாட்டுறது லேசுல நடக்காது, அந்த காருக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேர்ல கோடிங் பண்ணணும். வாரன்ட்டி இருக்கிற வரைக்கும் ஓட்டிட்டு மாத்துறவங்களுக்கு எஸ்500 எடுங்கன்னு நானே சொல்வேன். வச்சுக்கிட்டே இருக்கணும்னா நான் எம்3 பக்கம்.

எட்டாயிரம்_ஆர்பிஎம்: சீட்பெல்ட் ப்ரோ, எஸ்500 பின்சீட்டு நல்லா இருக்குன்னு நீங்க சொன்ன அளவுக்கு அதோட ஸ்டீயரிங்க பத்தி ஒரு வரி கூட சொல்லலையே. அதை ஓட்டி பார்த்துட்டு எழுதுங்க, அங்கிருந்து பேசலாம்.